ஆக்சாலிக் தேய்த்த கால்

அத்தியாயம் 9

என் மகள் ஷமா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஜெகபர் அலி. திண்டுக்கல் பேகம்பூரில் வீடு. நாற்பத்தொரு வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தேன். அதில் கடைசி இருபத்தாறு வருஷம் செலக்ஷன். பதனிட்டு வருகிற தோலை மேஜையில் விரித்து, இது ஒன்றாம் நம்பர், இது இரண்டு, இது மூன்று, இது கழிவு என்று பிரித்துப் போடுகிற வேலை. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஷாப்பில் யாரும் அதைக் கேட்டதில்லை.

என் இடது உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று முன்னால், ஒரு கறுப்பு இருக்கிறது. புளியங்கொட்டை அளவு. வேலையை விட்ட பிறகும் தினமும் காலையில் ஷாப்புக்குப் போய், தோல் ஊறுகிற பட்டைத் தண்ணீர்த் தொட்டியோரம் வெறுங்காலோடு நின்று நாலு பேரை அதட்டிவிட்டு வருகிறவன் நான். கறை என்று விட்டுவிட்டேன். தொழுகைக்கு நான் கை கால் கழுவி ஒளு செய்யும்போது ஷமா பார்த்துவிட்டாள். நாகல் நகர் தோல் டாக்டர் மரியசெல்வியிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் காலில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் படம் எடுத்தார். கறையாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம், துளி சதை வெட்டிப் பார்த்துவிடலாம் என்றார். நான் கத்தி வேண்டாம் என்றேன். கடைசியில் ஒரு ஒப்பந்தம். ஆறு வாரம் ஷாப் பக்கம் போகக் கூடாது. கறையாக இருந்தால் மேல்தோலோடு உரிந்து குறையும். ஆறு வாரம் கழித்து மறுபடி படம். குறையாவிட்டால் கத்தி. ஷமா வாங்கிய சத்தியம் அதற்குத்தான்.

அந்த ஆறு வாரம் இந்தச் செவ்வாய்க்கிழமை முடிந்தது.

காலை எட்டு மணிக்கு நான் பாத்ரூமில் இருந்தேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டிருந்தேன். பக்கத்தில் வெந்நீர்ச் சொம்பு, ஆக்சாலிக் டப்பா, நாலாக மடித்த உப்புத்தாள்.

பட்டையில் பதனிட்ட தோலில் இரும்பு பட்டால் அந்த இடம் கறுத்துவிடும். ஆணித் துரு போதும். அதை எடுக்க ஷாப்பில் ஆக்சாலிக் தூளை வெந்நீரில் கரைத்துத் தேய்ப்போம். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு இருந்தால் உப்புத்தாளால் மேலே ஒரு சுற்று சீவிவிடுவோம். பஃபிங் என்று பெயர். தழும்பு மறைந்து தோல் ஒரு நம்பர் மேலே ஏறிவிடும்.

ஆறு வாரமாக என் காலுக்கு நான் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கறை என்று நம்பித்தான் செய்தேன். முதலில் எரிந்தது. பிறகு எரிச்சலும் இல்லை.

கதவைத் தட்டினாள் பக்ருன்னிசா. என் மனைவி.

"இம்புட்டு நேரமா உள்ள என்ன பண்றீங்க?"

"காலு கழுவுறேன்."

"ஒத்தக் காலையா?"

நான் டப்பாவை ஜன்னல் விளிம்பில், பழைய வாளிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

"டைல்ஸ் தேய்க்கணும்னு இஷாக்குகிட்டச் சொல்லி ஏதோ தூளு வாங்கியாரச் சொன்னீங்களே. டைல்ஸ் அப்பிடியேதான் கெடக்கு."

"தேய்ப்போம். வழிய விடு."

இஷாக் எங்கள் மகன். அதே ஷாப்பில்தான் இருக்கிறான். டைல்ஸ் கறைக்கு என்று சொல்லித்தான் அவனிடம் அந்த டப்பாவை வாங்கினேன்.

மிக்கேல்ராஜ் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவன் ஆட்டோதான்.

"என்ன பாய், ஜோடியா கெளம்பிட்டீங்க. விசேஷமா?"

"என் காலைப் போட்டோ புடிக்கப் போறோம்."

"காலையா? சரிதான். மூஞ்சிய எடுத்து இனி என்ன ஆகப்போவுது."

பக்ருன்னிசா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே கடைகள் போய்க்கொண்டிருந்தன. எனக்குப் பயமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளை பிட்டை இடுப்பில் செருகிவிட்ட பிறகு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தேன்.

கிளினிக் வாசலில் ஷமா நின்றிருந்தாள். பள்ளிக்கூட டீச்சர் அவள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஷாப்புக்குப் போகலையே அத்தா?"

"போகல."

"சத்தியமா?"

"அதான் போகலன்னு சொல்றேன்ல."

அது உண்மைதான். அந்த ஒன்றை மட்டும் காப்பாற்றினேன்.

டாக்டர் மரியசெல்விக்கு நாற்பது வயது இருக்கும். சத்தம் போடாமல் பேசுகிறவர். சத்தம் போடாமல் பேசுகிற டாக்டர்களை நான் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சந்தேகப்படுவேன்.

"காலை மேல வைங்க பாய். ஜெல்லு செத்த சில்லுன்னு இருக்கும். கூசுமா?"

"கூசாது. அது செருப்பு மாதிரி."

சின்ன டார்ச் லைட் போல ஒரு கருவி. முனையில் கண்ணாடி. அதை ஜெல்லின் மேல் வைத்து அழுத்தினார். ஊசி இல்லை, வலி இல்லை. வெளிச்சம் உள்ளே போகிறது, படம் திரையில் விழுகிறது, அவ்வளவுதான். இடது பக்கம் ஆறு வாரத்துக்கு முன்பு எடுத்த படம். வலது பக்கம் இன்றைய படம்.

ஷமா முன்னால் குனிந்தாள். "இதுல எத வெச்சு மேடம் நல்லது கெட்டது பிரிக்கிறது?"

டாக்டர் பழைய படத்தில் பேனா முனையை வைத்தார். "விரல் ரேகை மாதிரி உள்ளங்கால்லயும் கோடு கோடா ஓடுது பாருங்க. மேடு, பள்ளம், மேடு, பள்ளம். மேட்டுல வெள்ளை வெள்ளையா புள்ளி தெரியுதே, அது வேர்வைத் துவாரம். சாதாரண மச்சம்னா நெறம் பெரும்பாலும் பள்ளத்துல நிக்கும். மேட்டுல நின்னா நாங்க பயப்படுவோம். ஆனா வெளிய இருந்து சாயம் ஏறினாலும் மேட்டுலதான் ஏறும். அத்தாவுக்கு நிக்கிறது மேட்டுல. ஷாப்புச் சாயமா, வேறயான்னு தெரியல. அதான் ஆறு வாரம் பொறுத்தோம்."

பிறகு புதிய படத்துக்குப் பேனாவை நகர்த்தினார்.

"நல்லா மங்கியிருக்கே," என்றார். "ஏதாவது தேய்ச்சீங்களா பாய்? கல்லு, களிம்பு, ஏதாவது?"

"இல்ல."

"நெசமாவா?"

"இல்லம்மா."

டாக்டர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "கறுப்பு பாதிக்குப் பாதி கொறஞ்சிருக்கு. அப்ப சாயம்தான் உரிஞ்சு போகுதுன்னு தோணுது. கொஞ்ச நாள் விட்டு இன்னொரு படம் எடுத்துப் பாத்துருவோம்."

ஷமா என் தோளைப் பிடித்தாள். உடனே போனை எடுத்து அண்ணன் இஷாக்கைக் கூப்பிட்டாள். "அண்ணே, ஒண்ணுமில்லையாம். கறைதானாம். இரு, ஸ்பீக்கர்ல போடுறேன்."

பக்ருன்னிசா சுவர் ஓரமாக நின்றிருந்தாள். அவள் வாயிலிருந்து ஒரு அல்ஹம்துலில்லாஹ் கூட வரவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன். எழுந்து செருப்பை மாட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் திரை எனக்கு நேரே இருந்தது. தோலை இவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. துவாரம் துவாரமாக, கோடு கோடாக, நல்ல வெளிச்சத்தில், மேஜையில் விரித்துப் போட்டது போல் இருந்தது. இருபத்தாறு வருஷம் செய்ததைக் கண் தானாகச் செய்தது. இடமிருந்து வலம் ஓடியது. ஓரத்தைப் பார்த்தது. நடுவுக்கு வந்தது.

மேடெல்லாம் தட்டையாகியிருந்தது. துவாரத்தின் விளிம்பு மழுங்கியிருந்தது. ஒரே பக்கமாக நூல் நூலாகக் கீறல். உப்புத்தாள் போன வழி.

"அது பஃப் பண்ணின தோலு," என்றேன்.

சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. மேஜையில் ஒரு தோல் வந்தால் நம்பர் சொல்கிற வாய், சொல்லிவிட்டது.

"என்ன சொன்னீங்க பாய்?"

"மூணாம் நம்பரு. பஃப் பண்ணி ரெண்டுல வெச்சிருக்கு."

டாக்டருக்கு விளங்கவில்லை. ஷமா என்னைப் பார்த்தாள். போனுக்குள் இருந்து இஷாக்கின் குரல்தான் முதலில் வந்தது. தோல்காரன் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அத்தா. அந்த ஆக்சாலிக்கு?"

"ஆமா."

"டைல்ஸுக்குன்னுதான வாங்குனீங்க?"

"டைல்ஸுக்கு இல்ல."

பிறகு டாக்டர் கேட்கக் கேட்கச் சொன்னேன். எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எவ்வளவு தூள், எந்த உப்புத்தாள். அவர் எழுதிக்கொண்டே வந்தார். உப்புத்தாள் என்ற இடத்தில் பேனா நின்றது.

"அந்தத் தூளு விஷம் பாய். தெரியுமா?"

"தெரியும். கை கழுவிட்டுத்தான் சாப்பிடுவேன்."

"தோல் ஷாப்புல இத்தனை வருஷமா இருந்திருக்கீங்க. செத்த தோலுக்குப் பண்றத உசுரோட இருக்குற காலுக்குப் பண்ணலாமா?"

தோல் தோல்தானே என்று எனக்குத் தோன்றியது.

ஷமாவுக்குக் கண் நிறைந்திருந்தது. ஆனால் குரல் டீச்சர் குரலாக இருந்தது. "பரீட்சையில பிட்டு அடிக்கிற பையன நான் வெளிய நிறுத்துவேன். உங்கள எங்க நிறுத்துறது அத்தா?"

"இங்ஙனயே நிக்கிறேன், போ."

டாக்டர் மறுபடி ஜெல்லை எடுத்தார். இந்த முறை கண்ணாடியைக் கறுப்பின் நடுவில் வைக்காமல், பாதம் குழிந்து மேலே ஏறுகிற பக்கத்தில் அதன் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். உப்புத்தாள் படியாத இடம் அது. குழிக்குள் என் கை சரியாகப் போகாது. வெளிச்சத்தையும் ஏதோ மாற்றினார்.

திரையில் படம் வந்தது. அங்கே மேடு மேடாகவே இருந்தது. ஒவ்வொரு மேட்டின் மேலும் பட்டையாகக் கறுப்பு. அதன் அடியில், புகை மூட்டம் போல, நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிறம்.

எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேலே பட்ட சாயத்துக்கு அந்த நிறம் வராது. சாயம் மேலிருந்து கீழே இறங்கும். இது கீழே இருந்துகொண்டு மேலே காட்டுகிறது.

"கழிவு," என்று மனதுக்குள் போட்டேன். கை தானாக இடது பக்கம் போனது. ஷாப்பில் கழிவைத் தள்ளுகிற பக்கம் அது.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "நான் ஒளிக்காமச் சொல்றேன் பாய். இது சாயம் மாதிரி இல்ல. வர்ற வியாழக்கெழம மதுரைக்குப் போயிருங்க. அங்க ஒரு ஸ்கேன் இருக்கு. வயித்துக்குப் பாக்குற ஸ்கேன் மாதிரிதான், தோலுக்குன்னு சின்னதா வெச்சிருக்காங்க. அது எம்புட்டு ஆழம் போயிருக்குன்னு காட்டும். வலிக்காது. ஆனா எந்தப் படமும் இது இன்ன நோவுன்னு அடிச்சுச் சொல்லாது. எங்க பாக்கணும்னு காட்டும், அம்புட்டுதான். முடிவு சதைய எடுத்துப் பாத்தாத்தான்."

"கத்தி."

"ஆமா. கத்தி."

"பைசலுக்குக் கத்தி பட்டுத்தான் பரவிச்சு."

பைசல் என் மேஜையில் என்னோடு நின்றவன். கால் விரலில் புண் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், முதலில் விரல், பிறகு பாதம், அடுத்த நோன்புக்கு ஆள் இல்லை. கத்தி வைத்ததால்தான் பரவியது என்று ஷாப்பில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

"எத்தனை நாளு வெச்சிருந்துட்டு டாக்டர்கிட்டப் போனாரு?" என்று கேட்டார் டாக்டர்.

யோசித்தேன். "ரெண்டு வருஷம் இருக்கும்."

"அப்ப கத்தி பட்டுப் பரவல பாய். பரவுன பெறகு கத்தி வந்திருக்கு."

இந்த அம்மாவை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். தோல் உள்ளே வரைக்கும் பதனாகிவிட்டதா என்று மேலே எத்தனை தடவினாலும் கண்டுபிடிக்க முடியாது. கழுத்து ஓரத்தில் கத்தியால் ஒரு சின்ன வெட்டு வெட்டி, வெட்டு வாயைப் பார்ப்போம். நடுவில் வெள்ளைக் கோடு இருந்தால் இன்னும் வேகவில்லை. நானே ஆயிரம் தோலை அப்படி வெட்டியிருக்கிறேன். எந்தத் தோலையும் கேட்டுக்கொண்டு வெட்டியதில்லை.

"ஓரத்துல ஒரு வெட்டு வெட்டிப் பாத்துருங்க," என்றேன். "நாங்களும் அப்பிடித்தான் பாப்போம்."

ஷமா மூக்கை உறிஞ்சினாள். போனில் இஷாக், "வியாழக்கெழம நான் லீவு போட்டுட்டு வாரேத்தா," என்றான்.

டாக்டர் மதுரைக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். பாதி எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"தொடை இடுக்குல நெறி ஏதும் கட்டியிருக்கா பாய்? கட்டி மாதிரி, கோலிக்குண்டு மாதிரி? இது பரவுனா மொதல்ல அங்கதான் காட்டும்."

"இல்ல."

"நான் ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கட்டுமா? திரைய இழுத்து விட்டுருவேன்."

"இல்லன்னு சொல்றேன்ல. பொம்பளப்புள்ள முன்னால என்ன பேச்சு இது."

டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒருமுறை ஏமாந்தவர் பார்க்கிற பார்வை. "சரி. மதுரையில ஆம்பள டாக்டர் பாப்பாரு. கண்டிப்பா பாப்பாரு," என்று சொல்லி, கடிதத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்தார்.

ஷமா பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் மிக்கேல்ராஜ் ஆட்டோவில் ஏறினோம். அவன் கண்ணாடியில் எங்கள் முகத்தைப் பார்த்தான். ரேடியோவை நிறுத்திவிட்டான்.

பக்ருன்னிசா கொஞ்ச தூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மத்தியானத்துக்கு வெஞ்சனம் ஒண்ணும் இல்ல. முட்டை வாங்கிக்கிருவோமா?"

"வாங்கு."

முட்டை வாங்கினாள். மடியில் பையை வைத்துக்கொண்டாள். அடுத்த திருப்பத்தில், அதே குரலில், குனிந்து என் காதுக்கு மட்டும் எட்டும்படி கேட்டாள்.

"நெறி எந்தப் பக்கம்?"

நான் முட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சேர்ல உக்காந்து தொழ ஆரம்பிச்சீங்க. காலு வலின்னு சொன்னீங்க. காலு வலிக்கிறவரு உள்ளங்காலத்தான அமுக்கிப் பாப்பாரு. நீங்க தூங்குற மாதிரி படுத்துக்கிட்டு இடுக்குல கைய வெச்சு அமுக்கிக்கிட்டு இருப்பீங்க. நாப்பத்தி மூணு வருஷமா பக்கத்துல படுக்குறவளுக்கு இது தெரியாதா? எந்தப் பக்கம்?"

"எடது."

"ஆக்சாலிக்கு வாங்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மிக்கேல்ராஜ் வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கினான். முட்டைக்காக.

"முன்னாடி," என்றேன்.

மேலே ஓர் இடத்தில், கறை என்று நம்பித்தான் செய்தேன் என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட்டுப் படியுங்கள்.

"கறைக்கு நெறி கட்டாது. அப்ப கறை இல்லன்னு தெரிஞ்சேதான் தேச்சிருக்கீங்க," என்றாள் அவள். கேள்வியாகக் கேட்கவில்லை.

வீடு வந்தது. நான் இறங்கினேன். இடது காலைத் தரையில் வைத்தேன். செருப்பை மீறிக் கல் குத்தியிருக்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை.

"வியாழக்கெழம மதுரை டாக்டர்கிட்ட நீங்களே சொல்றீங்களா, இல்ல இஷாக்கு முன்னாடி நான் சொல்லவா?"

நான் சாவியைத் தேடினேன். சட்டைப் பையில் பார்த்தேன், இன்னொரு பையில் பார்த்தேன். அவள் காத்திருந்தாள். சாவி அவள் கையில்தான் இருந்தது.

அவளே கதவைத் திறந்தாள். முட்டையை அடுப்படியில் வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே பாத்ரூமுக்குப் போனாள். பழைய வாளி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு டப்பா மூடி திறக்கிற சத்தம்.

நான் கூடத்தில் சேரில் உட்கார்ந்தேன். உள்ளே அவள் டைல்ஸைத் தேய்க்க ஆரம்பித்தாள். மத்தியானச் சோற்று நேரம் தாண்டியும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.